ஒரு குழியில் இரண்டு ஆண்டுகள்

அருங்காட்சியகத்தின் பின் அறையில் ‘ஒரே ஆண்டு’ என்று தலைப்பிட்ட நீளச் சுவர் ஒன்று இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையிலேயே உங்களை அங்கே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டியிருப்பார்கள். நடுவிலே கண்ணாடிக்குள் ஒரு வெள்ளிக் காசு. அதன் கீழே, குனிந்தால்தான் தெரியும் எழுத்தில், ‘குழம்பிய மண்ணில் கிடைத்தது’ என்று ஒரு வரி. வருபவர்கள் உரோமாபுரியை வாசிப்பார்கள், சீனத்தை வாசிப்பார்கள், அநுராதபுரத்தை வாசிப்பார்கள். அந்த வரிக்குக் குனிகிறவர்களை நான் கண்டதில்லை. இன்றைக்கு உங்களோடு பேசக் கூப்பிட்டார்கள். நான் பேச நினைத்தது அந்த வரியைப் பற்றித்தான்.

நூல் கட்டுவது, மட்டம் பார்ப்பது, படம் எடுப்பது எல்லாவற்றையும் படித்தவர்கள் உங்களுக்குச் சொல்லித்தருவார்கள். எனக்கு எட்டாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை. ஒரே இடத்தில் இருக்கவும் வரவில்லை. சுன்னாகம் சந்தையில் வெங்காய மூட்டை தூக்கினேன். கொழும்புத்துறையில் கொஞ்சக் காலம் வள்ளத்தில் போனேன். கிணறு வெட்டுகிற கூட்டத்தோடு வன்னிக்குப் போனேன். வளைகுடா நாடொன்றில் வெயிலில் குழாய் புதைத்துக் கால் முறிந்து திரும்பினேன். யோசித்துப் பார்த்தால் நான் செய்ததில் பாதி குழி வெட்டுகிற வேலைதான். கிணறு, மலசலகூடம், பதுங்கு குழி. முகாமில் இருந்த காலத்தில் பிரேதக் குழிகளும் வெட்டினேன். அங்கே மண்வெட்டி ஒழுங்காகப் பிடிக்கக்கூடியவர்கள் குறைவாக இருந்தார்கள்.

அகழாய்வுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, இதுவும் குழிதானே என்று போனேன். முதல் நாளே மண்வெட்டியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, மேசன்மாரின் சாந்தகப்பை ஒன்றைக் கையில் தந்தார் பொறுப்பாளர்.

“அண்ணை, சுரண்டுங்கோ. வெட்டாதேங்கோ.”

அவர் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர், என்னைவிட வயதில் குறைந்தவர். நாங்கள் எல்லோரும் அவரை மிஸ் என்றே கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே சொல்கிறேன். பெயரைப் போடுவது அவருக்குப் பிடிக்காது.

மிஸ்ஸுக்கு ஒரு பிடிவாதம். “பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு உரோமாபுரி ஒரு பாடம், அநுராதபுரம் இன்னொரு பாடம், சீனா வேறை பாடம். எல்லாம் ஒரே வெயிலுக்குக் கீழை நடந்தது எண்டு அதுகளுக்குத் தெரியாது” என்பார். பழங்காலத்தில் ஏதாவது ஓர் ஆண்டை எடுத்து, அந்த ஓர் ஆண்டில் உலகம் முழுவதும் என்ன நடந்தது என்று ஒரு சுவரில் எழுதவேண்டும். அந்த ஆண்டு எங்கள் குடாநாட்டு மண்ணிலிருந்து வரவேண்டும். அதற்கு, ஆண்டு சொல்லக்கூடிய பொருள் ஒன்று கிடைக்கவேண்டும். பானை ஓடு நூற்றாண்டுதான் சொல்லும். அதுவும் அரைமனதாக.

தேத்தண்ணி நேரத்தில் எங்கள் நகுலன் அவரைக் கிண்டுவான். கோப்பாய்க்காரன், முப்பது வயதிருக்கும். நல்ல வேலைக்காரன், வாய் மட்டும் கைக்கு முன்னாலே ஓடும்.

“மிஸ், உரோமாபுரிக்காரர் அந்த ஆண்டுக்கு என்ன பேர் சொன்னவை?”

“அந்த ஆண்டு பதவியிலை இருந்த ரெண்டு பெரிய அதிகாரியளின்ரை பேர். இன்னாரும் இன்னாரும் இருந்த ஆண்டு எண்டுதான் சொல்லுவினம்.”

“சீனாக்காரர்?”

“அரசன் ஆளத் தொடங்கி எத்தினையாம் ஆண்டு எண்டு. அதோடை எங்கடை பிரபவ, விபவ மாதிரி அறுபது ஆண்டுச் சுற்று ஒண்டும் இருக்கு.”

“பாரசீகப் பக்கம்?”

“எப்பவோ ஒரு படைத்தலைவன் பாபிலோனைப் பிடிச்ச காலத்திலை இருந்து எண்ணினவை. அவனும் போய், அவன்ரை பரம்பரையும் போய், பிறகும் கணக்கு மட்டும் நிக்கேல்லை.”

“அநுராதபுரம்?”

“அரசன்ரை ஆண்டு. இல்லாட்டிப் புத்தர் பரிநிர்வாணம் அடைஞ்சதிலை இருந்து.”

“சரி, இஞ்சை? எங்கடை வெறும் மணலிலை இருந்தவை?”

மிஸ் கோப்பையைக் கீழே வைத்தார். “அது தெரியேல்லை நகுலன். ஆரும் எழுதி வைக்கேல்லை.”

“அப்ப நாங்கள் அண்டைக்கும் இண்டைக்கும் ஒண்டுதான். ஆண்டுக்கு நம்பர் இல்லை. பங்கர் வெட்டின ஆண்டு, கரண்ட் போன ஆண்டு, இடம்பெயர்ந்த ஆண்டு.”

எல்லோரும் சிரித்தோம். சோற்றுச் சட்டியோடு வந்து நின்ற தவமணி அக்கா சிரிக்கவில்லை.

நாங்கள் தோண்டிக்கொண்டிருந்தது தவமணி அக்காவின் வளவு. கடல்நீரேரிப் பக்கம், ஊர்ப் பெயர் வேண்டாம். மழைக்குப் பிறகு பழைய பானை ஓடுகள் அந்த வளவில் தானாக மேலே வரும். அதைக் கண்டுதான் மிஸ் அனுமதி கேட்டார். அக்கா உடனே சம்மதித்தார். மத்தியானச் சாப்பாட்டையும் தானே சமைத்துத் தருவதாகச் சொன்னார். புருசன் இல்லை. மூத்த மகள் கனடாவில். மற்றவன் சீலன். அவனைப் பற்றி அவர் எங்களிடம் சொன்னது ஒரே ஒரு தரம்தான், நான் சாப்பிட்ட கோப்பையைக் கழுவிக் கொடுத்தபோது.

போர்க்காலத்தில் ஊர் முழுக்க ஒரே நாளில் எழும்பி நடந்த அந்தப் பெரிய இடப்பெயர்வின்போது சீலனுக்குப் பத்தொன்பது வயது. பாலம் தாண்டிய பிறகு, வீட்டில் கட்டையில் மாடு கட்டியபடி கிடக்கிறது என்று அவனுக்கு நினைவு வந்திருக்கிறது. “அவிட்டுவிட்டிட்டு வாறன் அம்மா” என்று சைக்கிளைத் திருப்பியிருக்கிறான். அந்த வளவுக்குள் மறுபடி கால் வைக்க அக்காவுக்குப் பல வருடங்கள் ஆயின. அதுவரை அது இராணுவம் மூடிய பகுதி. வந்து பார்த்தபோது மாட்டுக் கட்டை இருந்தது, கயிறு இல்லை.

“அப்ப அவன் இஞ்சை வந்திருக்கிறான்” என்றார். “அவிட்டுவிட்டிருக்கிறான்.”

இனியாவது அவனுக்கு அந்தியேட்டிக் கிரியையைச் செய்து முடி என்று சொந்தக்காரர் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்கள். ஆருக்குச் செய்யிறது என்று கேட்பார். உயிரோடு இருக்கிறவனுக்குச் செய்தால் அது பாவம். அக்காவின் கணக்கு அவ்வளவுதான்.

இனி எங்கள் பிழையைச் சொல்கிறேன். இதை வேறு தொழிலில் உள்ளவர்கள் செய்யமாட்டார்கள், நாங்கள்தான் செய்வோம். நீங்களும் செய்வீர்கள்.

வளவின் பின்பக்கத்தில், இடம்பெயர்ந்த வருடக் கடைசியில் இராணுவம் கட்டிய காவலரண் ஒன்றின் சீமெந்துத் தரை மட்டும் மிஞ்சிக் கிடந்தது. நாங்கள் அளந்த குழி அதன் மேலே விழுந்தது. இயந்திரம் பிடித்துத் தரையை உடைத்து அள்ளினோம். அதற்குக் கீழே உடைந்த கூரை ஓடும் கரியும். அது அக்காவின் பழைய சமையல் கொட்டில். அதே வருடம் ஆடியில் செல் குண்டு விழுந்து சரிந்தது. அதையும் மண்வெட்டியால் வாரி வேலியோரம் கொட்டினோம். படம் எடுக்கவில்லை, வரையவில்லை. இப்படி மேலே கிடப்பதை நாங்கள் மேல்குப்பை என்போம். இரண்டாயிரம் வருடத்தைத் தேடுகிறவனுக்கு இருபது வருடம் கண்ணில் படாது. சாந்தகப்பை கைக்கு வருவது அதற்கும் கீழே போன பிறகுதான்.

இடுப்பளவு ஆழத்தில் கால் எலும்பு தெரிந்தது.

நான்தான் முதலில் கண்டேன். கையை உயர்த்தினேன். மிஸ் இறங்கிவந்து தூரிகையால் தட்டினார். தொடை, இடுப்பு, விலா. பாதங்களும் ஒரு தோளும் குழியின் சுவருக்குள் போயிருந்தன. அது மணல் பிடித்த மண். காய்ந்தால் எல்லாம் ஒரே நிறம். புதைத்த குழியின் விளிம்பு எங்கே என்று தேடினோம், தெரியவில்லை. தெரியாதபோது வேலையை நிறுத்தியிருக்கவேண்டும்.

தலை நிமிர்ந்து பார்த்தேன். தவமணி அக்கா தகர வேலியைப் பிடித்தபடி நின்றார். யாரும் போய்ச் சொல்லவில்லை. சமையல் அடுப்பில் கருகுகிற மணம் வந்துகொண்டிருந்தது.

அன்று முழுக்க அவர் அந்த வேலியை விட்டு நகரவில்லை. நாங்களும் குரலை உயர்த்தவில்லை. பின்னேரம் விலா எலும்புகளுக்கு இடையில் நகுலனின் தூரிகையில் ஏதோ தட்டுப்பட்டது. ஒரு வெள்ளிக் காசு. மிஸ் அதை உள்ளங்கையில் வைத்துத் துடைத்து, கண்ணாடி வில்லையைப் பிடித்துப் பார்த்தார். ஒரு தலை. சுற்றிவர எழுத்து. அவர் அப்படியே மண்ணில் இருந்துவிட்டார்.

“இந்த அரசன் வருசா வருசம் புதுப்பிக்கிற பதவியை எத்தினையாம் தரம் எடுத்தவன் எண்டு இலக்கம் போட்டுக் கிடக்கு” என்றார். “நூற்றாண்டு இல்லை. ஆண்டு. ஒரே ஒரு ஆண்டு.”

நகுலன் குழியிலிருந்து ஒரே பாய்ச்சலில் ஏறி வேலியடிக்கு ஓடினான்.

“அக்கா, பயப்பிடாதேங்கோ! இது உரோமாபுரிக் காலத்து ஆள்!”

“எப்பத்தையான்?”

“ரெண்டாயிரம் வருசம் அக்கா, ரெண்டாயிரம்!”

“வடிவாத் தெரியுமோ?”

“காசிலை எழுதிக் கிடக்கு. மிஸ் வாசிச்சவ.”

அக்கா மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் காசைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் சொன்னது பிழை என்று அப்போது அவருக்கும் தெரியாது. சரி என்றும் தெரியாது. இது எனக்குப் பிறகு அவரே சொன்னது. “நான் ‘பொறு’ எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம் அண்ணை. கையிலை காசு கிடந்தது.”

வேலியைப் பிடித்திருந்த விரல்களை அக்கா ஒவ்வொன்றாக எடுத்தார். தகரம் கிழித்து இரண்டு விரலில் இரத்தம். அதைச் சேலையில் துடைத்துக்கொண்டே சிரித்தார். அந்த மனிசி சிரித்து நாங்கள் கண்டது அன்றைக்குத்தான்.

“அப்ப உவருக்கு அழவேண்டிய ஆக்கள் எல்லாம் முந்தியே அழுது முடிச்சிருப்பினம்” என்றார்.

அடுத்த நாள் காலை பிள்ளையாருக்குப் புக்கை பொங்கிப் படைத்துவிட்டு எங்களுக்கும் கொண்டுவந்தார். சர்க்கரை அதிகம். நகுலன் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான். அருங்காட்சியகக் குழுவின் தலைவர் மிஸ்ஸுக்குத் தொலைபேசி எடுத்து, கொழும்பிலிருந்து ஆட்களைக் கூட்டிவருகிறேன், காசையும் எலும்பையும் கிடக்கிறபடியே காட்டவேண்டும் என்றார். மிஸ் சரி என்றார். அன்று மாலை முகில் கட்டியது. தறப்பாளை இழுத்து மூடிவிட்டுப் போனோம்.

நல்ல மழை. விடிய வந்து தறப்பாளை எடுத்தபோது குழியின் சுவர்கள் நனைந்து நிறம் காட்டின.

இதைக் கவனமாகக் கேளுங்கள். குழியின் தரை பொய் சொல்லும். சுவர் பொய் சொல்வது குறைவு. புட்டுக்குழலில் மாவும் தேங்காய்ப்பூவும் மாறிமாறி நிற்பதுபோல, சுவரில் காலம் மாறிமாறி நிற்கும். நாங்கள் வாரிக் கொட்டிய மேல்குப்பை குழிக்குள்ளே இல்லை. ஆனால் சுவரில் அது அப்படியே நின்றது. மேலே சீமெந்துத் தரையின் வெட்டு முகம். அதன் கீழே ஓடும் கரியுமாக ஒரு பட்டை. அதன் கீழே பழைய மண்.

மிஸ் சுவருக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு எங்களைக் கூப்பிட்டார்.

“நான் ஒண்டும் சொல்லேல்லை. ஒவ்வொருத்தரா வந்து பாத்துக் காணுறதைச் சொல்லுங்கோ.”

எலும்பு கிடந்த இடத்துக்கு நேர் மேலே, சுவரில், கலங்கிய மண் ஒரு பை மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பையின் வாய் ஓட்டுப் பட்டையை அறுத்துக்கொண்டு மேலே போனது. சீமெந்து மட்டும் அறுபடாமல் வாயை மூடிக் கிடந்தது. கொட்டில் விழுந்த பிறகு யாரோ வெட்டிய குழி. காவலரண் கட்டுவதற்கு முன் மூடிய குழி. வெட்டினவர்கள் பழைய மண்ணை வெளியே எறிந்திருக்கிறார்கள். திரும்ப மூடும்போது அந்த மண்ணோடு காசும் உள்ளே விழுந்திருக்கிறது. பிரேதக் குழி மூடினவன் நான். மேல் மண் கீழே போவதும் கீழ் மண் மேலே வருவதும் எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனாலும் பளபளப்பான ஒன்று கிடைத்தால் தெரிந்தது எல்லாம் மறந்துபோகிறது.

மிஸ் சுவரின் அடியில் விரலளவு சுரண்டினார். பாதம் இருக்கவேண்டிய இடத்தில் நீல நிற றப்பர் செருப்பின் வார் ஒன்று வந்தது.

நகுலன்தான் முதலில் வாய் திறந்தான்.

“மூடிவிடுவம் மிஸ்.”

“என்ன?”

“காசை எடுத்தாச்சு. எலும்பை மூடுவம். அந்த மனிசி நேற்றுப் புக்கை கொண்டுவந்தது. இப்ப போய் எப்பிடிச் சொல்லுறது? ரெண்டாயிரம் வருசம் எண்டு அது நம்பிக்கொண்டு மிச்சக் காலத்தை ஓட்டட்டுமன். ஆருக்கு நட்டம்?”

அவன் கெட்டவன் இல்லை. அழுதுகொண்டுதான் சொன்னான். எனக்கும் அவன் சொன்னது சரி என்றுதான் பட்டது. என் வாழ்க்கையில் உண்மையால் யாரும் வயிறு நிறைந்து நான் கண்டதில்லை.

தொலைபேசி அடித்தது. குழுத் தலைவர். கொழும்பு ஆட்கள் கிளம்பிவிட்டார்கள் போல. மிஸ் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “சேர், காசு உண்மையான காசுதான். ஆள் அந்தக் காலத்து ஆள் இல்லை. நான் பொலிசுக்கு அறிவிக்கப்போறன். ஆக்களைத் திருப்பி அனுப்புங்கோ” என்றார். அந்தப் பக்கம் சத்தம் பெரிதாகக் கேட்டது. மிஸ் தொலைபேசியை அணைத்தார்.

பிறகு நகுலனிடம் திரும்பினார். “உந்தச் செருப்புக்காரனையும் ஆரோ தேடிக்கொண்டிருப்பினம். அவைக்கும் சேர்த்துத்தான் மூடச் சொல்லுறாய். நாங்கள் ஆண்டு சொல்லிப் பிழைக்கிற ஆக்கள். தெரியாட்டி வாயை மூடலாம். தெரிஞ்சாப் பிறகு மூடேலாது.”

அவன் தறப்பாளை மடிக்கத் தொடங்கினான்.

“பொலிஸ் வர முதல் அவவுக்குத் தெரியவேணும்” என்றார் மிஸ். “நான் போறன்.”

“வேண்டாம் மிஸ், நான் போறன்” என்றேன். தைரியத்தால் அல்ல. அந்த வீட்டில் மிஸ் சாப்பிடும்போது கதிரை போட்டுக் கொடுப்பார் அக்கா. நான் அடுப்படியில் குந்தியிருந்து சாப்பிடுகிறவன். கெட்ட செய்தி கதிரையில் இருந்து சொல்லக்கூடாது.

அக்கா மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.

“என்ன தம்பி, நேரத்தோடை பசிச்சிட்டுதோ?”

“அக்கா, நேற்று முந்தினம் சொன்னது பிழை.”

கத்தி நின்றது. என்னைப் பார்க்கவில்லை.

“எவ்வளவு பிழை?”

“ரெண்டாயிரம் வருசம்.”

கிழங்கைத் தண்ணீருக்குள் போட்டார். கத்தியைக் கழுவினார். அடுப்பைத் தணித்தார். ஒவ்வொன்றாகச் செய்தார்.

“அப்ப எந்த வருசம்?”

பொய் சொல்ல எனக்கு அதுதான் கடைசி இடம். முந்தியும் இருக்கலாம், பிந்தியும் இருக்கலாம் என்று இழுத்திருக்கலாம்.

“உங்கடை கொட்டில் விழுந்தாப் பிறகு. காவலரண் கட்ட முதல்.”

“அது ஒரு வருசம்தான்” என்றார்.

“ஓம் அக்கா. ஒரு வருசம்தான்.”

“இடம்பெயர்ந்த வருசம்.”

“ஓம்.”

அவர் எழும்பி வெளியே வந்து குழியடியில் நின்றார். மிஸ் முன்னால் வந்து, “அம்மா, எங்களாலை பிழை போச்சுது. காலடியிலை றப்பர் செருப்பு ஒண்டு கிடக்கு” என்றார். அக்கா அவரைத் தாண்டிப் பார்த்தார்.

“செருப்பு என்ன நிறம்?”

மிஸ் சொன்னார்.

“அவனுக்கும் நீலம்தான். அந்த நேரம் எல்லாருக்கும் நீலம்தானே. கடையிலை வேறை நிறம் வரேல்லை.”

பின்னேரம் பொலிஸ் வந்து கயிறு கட்டியது. நீதவானும் சட்ட வைத்திய அதிகாரியும் அடுத்த நாள்தான் வந்தார்கள். அதுவரை அந்த வளவில் நாங்கள் யாரும் வேலை செய்யவில்லை, வீட்டுக்குப் போகவும் மனம் வரவில்லை. செய்தி பரவிச் சொந்தக்காரர் வந்தார்கள். அக்காவின் தம்பி ஒருவர், “இனியாவது விளங்கிச்சுதோ அக்கா? கீரிமலைக்குச் சொல்லி அந்தியேட்டியை ஒழுங்குபடுத்தட்டே?” என்று கேட்டார். அக்கா, “நீ உனக்குப் பசிச்சால் சாப்பிடு” என்று மட்டும் சொன்னார். தான் ஒன்றும் சாப்பிடவில்லை. நகுலன் அவருக்கு முன்னால் போக வெட்கப்பட்டு வேலிக்கு அந்தப் பக்கமாகவே நின்றான். கடைசியில் அக்காதான், “டேய், மழைக்குள்ளை ஏன் நிக்கிறாய் விசரா, உள்ளுக்கு வா” என்று கூப்பிட்டார். அவன் வந்து அவர் காலடியில் இருந்து குழந்தை மாதிரி அழுதான். அவர் அழவில்லை. அவன் தலையைத் துவட்டிவிட்டார்.

வைத்திய அதிகாரி நிதானமான மனிதர். அவசரப்படாமல் குழிக்குள் இருந்தார். சுவரை மிஸ்ஸோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி முழு உடம்பையும் திறந்தார்கள். இந்தத் தடவை ஓட்டுப் பட்டையின் ஒவ்வொரு துண்டையும் மிஸ் படம் எடுத்தார். அந்த மேல்குப்பையைத்தான் நீதவான் முதலில் கேட்டார், பழைய மண்ணை அல்ல. வாரிக் கொட்டினது எங்கே என்று கேட்டார். வேலியோரக் குவியலைக் காட்டினோம். அதில் எது எங்கிருந்து வந்தது என்று எங்களால் சொல்ல முடியவில்லை. அந்தக் குவியலுக்குள் அந்த மனிதனைப் பற்றி இன்னும் என்ன கிடந்ததோ, அது இனி யாருக்கும் தெரியவராது. நான் இந்தக் கதையில் உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று: நேற்றைய மண்ணையும் சுரண்டுங்கள், வாராதீர்கள்.

வைத்திய அதிகாரி தாடை எலும்பைக் கையில் ஏந்திப் பார்த்தார். மேலே ஏறிவந்து, கையுறையைக் கழற்றிவிட்டு, அக்காவுக்கு முன்னால் குந்தினார்.

“அம்மா, உங்கடை மகனுக்கு அப்ப என்ன வயசு?”

“பத்தொன்பது.”

“பல்லு ஏதும் கழற்றினவரோ? கடைவாய்ப் பல்லு?”

“இல்லை. அவனுக்கு ஒரு பல்லும் பழுதில்லை.”

“இது அவர் இல்லை அம்மா. இந்தாளுக்கு நாற்பதுக்கு மேலை. கடைவாய்ப் பல்லுகள் எல்லாம் எப்பவோ விழுந்து எலும்பு மூடியிட்டுது. முழங்கால் தேய்ஞ்சிருக்கு.”

“வடிவாத் தெரியுமோ?”

அந்தக் கேள்வியைக் கேட்டதும் நாங்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்தோம்.

“ஆர் எண்டு எனக்குத் தெரியாது அம்மா. பரிசோதிக்க அனுப்புவம், மறுமொழி வருமோ தெரியாது. ஆனால் பத்தொன்பது வயசுப் பெடியன் இல்லை. அது வடிவாத் தெரியும்.”

அக்காவின் தம்பி பெருமூச்சு விட்டார். நகுலன் கையெடுத்துக் கும்பிட்டான். அக்கா சிரிக்கவில்லை. எழும்பிக் குழியின் விளிம்புக்குப் போய் இவ்வளவு நேரமும் பார்க்காத மாதிரிக் குனிந்து பார்த்தார்.

“நாற்பது வயசெண்டால் பெண்சாதி இருந்திருப்பாள்” என்றார். “பிள்ளையளும் இருந்திருக்கும்.”

பிறகு மிஸ்ஸின் பக்கம் திரும்பினார்.

“அவளுக்கு ஆர் சொல்லுறது?”

அந்த உடம்பு பெட்டியில் கொழும்புக்குப் போனது. மறுமொழி நான் ஓய்வு பெறும்வரை வரவில்லை. அப்போது அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. பொலிஸ்காரர் ஒருவர் மேசையில் இருந்து எழுதிக்கொண்டிருந்தார். அக்கா அவரிடம் போனார்.

“தம்பி, இஞ்சை கிடந்தவர் எண்டு எழுதினியளோ?”

“ஓம் அம்மா, எழுதியாச்சு.”

“என்ரை வளவு எண்டும் எழுதுங்கோ. என்ரை பேரையும் போடுங்கோ. ஆரும் தேடிக்கொண்டு வந்தால் என்னட்டை அனுப்புங்கோ. எப்பிடிக் கிடந்தவர், எந்தப் பக்கம் தலை இருந்தது எண்டு நான் சொல்லுவன்.”

அவர் தலையாட்டினார். அக்கா அது போதாது என்பதுபோல் அங்கேயே நின்றார்.

“நான் ஒரு இடமும் போகமாட்டன்” என்றார். “மகள் கனடாவுக்கு வரச்சொல்லிக் கேட்டவள்தான். நான் இஞ்சைதான் இருப்பன் எண்டு எழுதுங்கோ.”